மீன்தொட்டிக்கு ஏற்ற நன்னீர்

வீட்டு மண்டபத்திலும், பாடசாலை ஆய்வுகூடத்திலும், மருத்துவர்தம் காத்திருக்கும் அறையிலும் கண்ணாடி மீன்தொட்டிகள் இன்று சாதாரணமாய்க் காணப்படுகின்றன. தொட்டியைக் கழுவி, மணல் பரப்பி, பளிங்கு போன்ற நீரை நிரப்பி, அன்றைக்கு வாங்கிய மீன்களை அன்றைக்கே அதனுள் விடுவது பலர்தம் வழக்கம். முதலில் அவை துள்ளி விளையாடும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய்திறந்து மூச்சுத் திணறும். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாய் மடியும். வீட்டார் மீன் விற்றவரைக் குறைகூறுவர். இரை மிகுந்துவிட்டது என்பர். கண்ணூறு பட்டது என்பாரும் உளர். நீரின்மீது ஐயங்கொள்வார் மிகச் சிலரே. அடியிற் கிடக்கும் மணலை எண்ணத்தக்கவாறு தெளிந்திருக்கும் நீரில் என்ன குற்றம் இருத்தல் கூடும் என்று அவர் கருதுகின்றனர். ஆனால் இத்தகைய மரணங்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்நீரிலேயே உள்ளது.

தெளிவு என்பது ஒன்று. தூய்மை என்பது பிறிதொன்று. மீனுக்கு ஏற்றதாயிருத்தல் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் வேறுபிரித்து உணர்ந்தால் மீன்தொட்டிக்கு நீர் ஆயத்தஞ் செய்யும் முறை தானே விளங்கும்.

முதலிற் தெளிவை நோக்குவோம். கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையை மட்பாண்டத்தின் உட்புறத்தில் உரைக்கும் வழக்கம் தமிழரிடையே தொன்றுதொட்டு உள்ளது. படிகாரமும் அவ்வேலையைச் செய்யும். நீரில் மிதக்கும் மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியிற் படியச் செய்வனவே இவை. நீரிற் கரைந்துள்ள பொருள்கள் இவற்றால் நீங்கா. உப்புக் கரைந்த நீரும், அமோனியாக் கரைந்த நீரும், குளோரீன் கலந்த நீரும் கண்ணுக்கு ஒரேவிதமாகவே தோன்றும். கண் காணாத அவ்வேறுபாட்டை மீனின் செவுள் உணரும். மீன் சந்தையிலே ‘பூ’ என்று வழங்கப்படும் அச்செந்நிற உறுப்பின் மெல்லிய தோலுக்கு ஒருபுறம் நீரும் மறுபுறம் குருதியும் உள்ளன. ஒட்சிசன் உட்செல்வதும், காபனீரொட்சைட்டும் அமோனியாவும் வெளியேறுவதும் அத்தோலினூடாகவே. நீரிற் கரைந்த நஞ்சு முதலில் தாக்குவதும் அதனையே.

அங்ஙனமாயின், யாதொன்றும் கரையாத மிகத் தூய நீர் மீனுக்கு உகந்ததாகுமா? காய்ச்சி வடித்த நீரை, அல்லது மோட்டார் வண்டியின் பற்றரிக்கு ஊற்றும் நீரை, தொட்டியில் நிரப்பினால் மீன் நலமாய் வாழுமா? வாழாது. மீனின் குருதியிலே சோடியம், குளோரைட்டு முதலிய உப்புகள் உள்ளன. அதனைச் சூழ்ந்துள்ள நன்னீரிலோ அவை மிகக் குறைவு. ஐதான கரைசலிலிருந்து செறிந்த கரைசலை நோக்கி நீர் மென்சவ்வினூடே செல்லும் இயல்பைப் பிரசாரணம் என்பர். இவ்வியல்பினால் நன்னீர் மீனின் உடலுள் வெளிநீர் இரவும் பகலும் புகுந்துகொண்டேயிருக்கின்றது. மீன் அதனைப் பெருமளவு ஐதான சிறுநீராக வெளியேற்றுகின்றது. அதனுடன் சிறிது உப்பும் கழிகின்றது. இழந்த உப்பை அது இரையிலிருந்தும், செவுளின் வழியாகச் சுற்றியுள்ள நீரிலிருந்தும் மீளப் பெறுகின்றது. உப்பே இல்லாத நீரில் செவுள் எதனைப் பெறும்? இழப்பு தொடர, ஈட்டம் குறைய, மீன் தளர்ந்து மடியும்.

வடித்த நீருக்கு இன்னுமொரு குறையுண்டு. இயற்கை நீரிற் கரைந்துள்ள காபனேற்று உப்புகள் நீரின் அமில காரத் தன்மையைச் சடுதியில் மாறவிடாது தாங்கிப் பிடிக்கின்றன. அத்தன்மையை அளக்கும் எண்ணைப் பீ.எச். என்பர், 7 நடுநிலை, அதற்குக் கீழ்ப்பட்டது அமிலம், மேற்பட்டது காரம். ஓர் எண் மாறுவது பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். காபனேற்று இல்லாத நீரில் மீனின் கழிவுகளால் உண்டாகும் சிற்றளவு அமிலமும் இவ்வெண்ணைத் திடீரெனத் தாழ்த்திவிடும். வடமத்திய மாகாணத்திலும் பிற இடங்களிலும் குடிநீருக்காக அமைக்கப்பட்டுள்ள ‘ஆர்.ஓ.’ நிலையங்களின் நீரும், உப்புகள் பெரிதும் நீக்கப்பட்டதாகையால், தனியே பயன்படுத்தத் தக்கதன்று. வேறு நீருடன் கலப்பதற்கே அது பயன்படும்.

ஆகவே மீன்தொட்டிக்கு நீரைத் தூய்மை செய்தல் என்பது, கொல்வதை நீக்குதலும், வேண்டியதை வைத்திருத்தலும், இனி உண்டாகும் கழிவைப் போக்க வழி செய்தலும் ஆகிய மூன்று செயல்களைக் கொண்டது.

நீக்க வேண்டியவற்றுள் முதன்மையானது குளோரீன். கொள்ளைநோய்க் கிருமிகளை அழிக்கும்பொருட்டு நகரக் குழாய்நீரில் இஃது இடப்படுகின்றது. அமெரிக்காவின் யேர்சி நகரில் 1908ஆம் ஆண்டில் குடிநீருக்கு இடைவிடாது குளோரீன் இடும் முறை தொடங்கியது. பின்னர் உலகெங்கும் அது பரவி எண்ணற்ற மக்களை நெருப்புக்காய்ச்சலிலிருந்து காத்தது. ஆனால் மனிதர்க்குத் தீங்கற்ற அவ்வளவே மீனின் செவுளை எரித்துவிடும். மனிதன் நீரை இரைப்பையினுள் ஏற்கின்றான்; மீனோ அதனைக் குருதியின் அருகிலேயே ஏற்கின்றது.

குளோரீனைப் போக்குதல் எளிது. வாயகன்ற வாளியிலோ சாடியிலோ நீரை நிரப்பி, மூடாது, ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தால் அது வளியிற் கலந்து போய்விடும். காற்றுக் குமிழி எழுப்பும் சிறு பம்பி இருப்பின் இன்னும் விரைவில் நீங்கும். வாய் குறுகிய போத்தலில் அடைத்து வைத்தாற் பயனில்லை. உடனே நீர் வேண்டுமாயின், மீன்வளர்ப்போர்க்கென விற்கப்படும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலைக் குறித்த அளவிற் சேர்த்தால் குளோரீன் சில நிமிடங்களில் அழியும். சிரட்டைக்கரியிலிருந்து ஆயத்தஞ் செய்யப்படும் ஏவற்கரியும் அதனை ஈர்த்துக்கொள்ளும். சில நாட்டு நகரங்களில் குளோரீனுக்குப் பதிலாகக் குளோரமீன் என்னும் சேர்வையை இடுகின்றனர். அஃது எளிதில் ஆவியாகாது; திறந்து வைத்தலால் அதனை நீக்க முடியாது. ஆங்குள்ளோர் மருந்தையோ கரியையோ நாட வேண்டியவராவர்.

கிணற்று நீரில் குளோரீன் இல்லையென்று எண்ணுவதும் எப்பொழுதும் சரியன்று. வெள்ளத்தின் பின்னரும், நோய் பரவுங் காலத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளிற் குளோரீன் தூள் இடுவர். அவ்வாறு இட்ட சில நாள்களுக்கு அக்கிணற்று நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. நுளம்புக் குடம்பிகளை அழிக்கக் கிணற்றில் விடப்பட்ட கப்பி மீன்களையும் தூள் இடுமுன் எடுத்துவிடல் வேண்டும்.

அடுத்து நோக்கவேண்டியது நீரின் வன்மை. யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடே ஊறிச்சென்று கல்சியம் காபனேற்றைக் கரைத்துக்கொள்கின்றது. தேநீர்க் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளை ஓடுபோற் படிவது அதுவே. இவ்வன்னீர் பெரும்பாலும் காரச் சார்புடையது. கடற்கரையை அண்டிய கிணறுகளிற் கறியுப்பும் கலந்திருக்கும். கொழும்பு மாநகரத்தின் குழாய்நீரோ லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் பெறப்படுவது. எளிதிற் கரையாத பழம்பாறைகளின்மேல் ஓடிவருவதால் அது மென்னீர். ஒரே இனமான மீன் சுன்னாகத்தில் நலிந்து கொழும்பிற் செழிப்பதும், வேறோரினம் கொழும்பில் நலிந்து சுன்னாகத்திற் செழிப்பதும் இவ்வேறுபாட்டினால் நிகழ்வன.

கப்பி, மொல்லி, பிளற்றி முதலிய குட்டியீனும் மீன்கள் வன்னீரை விரும்புவன. வடபகுதிக் கிணற்று நீர் அவற்றுக்குப் பொருந்தும். பொன்மீனும் அதனைப் பொறுக்கும். அமேசன் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகவுடைய நியோன் தெத்திராவும் டிசுக்கசு மீனும் மென்னீரையும் சற்றே அமிலத் தன்மையையும் நாடுவன. இலங்கைக்கே உரிய அழகிய சிறுமீன்கள் சிலவும் அவ்வகையினவே. வெற்றிலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லால் ‘புலத் ஹப்பயா’ என்று வழங்கப்படும் கருஞ்சிவப்பு மீனும், 1929ஆம் ஆண்டில் பி. இ. பி. தெரணியகலை அறிவியலுலகுக்கு விவரித்த ‘தித்தேயா’ என்னும் செம்மீனும் தென்மேற்கின் மழைக்காட்டு ஓடைகளில், மரநிழலில், மென்னீரில் வாழ்வன.

வன்னீர் உள்ள ஊரார் இத்தகைய மீன்களை வளர்க்க விரும்பின், மழைநீரே கைவந்த மருந்து. வன்னீர் ஒரு பங்கும் மழைநீர் ஒரு பங்கும் கலந்தால் வன்மை ஏறக்குறையப் பாதியாகும். மாரிகாலத்தின் முதல் மழை கூரையின் தூசையும் பறவை எச்சத்தையும் கழுவிவரும். அதனை ஓடவிட்டுப் பின்வரும் நீரையே சேர்த்தல் வேண்டும். நாகம் பூசிய தகரக் கூரையின் நீர் கூடாது. நாகமும் செம்பும் மிகச் சிற்றளவிலும் மீனுக்கு நஞ்சு. வன்னீரைக் கொதிக்கவைத்து ஆறவிடின், வன்மையின் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்துவிடும். மேல்நீரை மெல்ல இறுத்துக்கொள்ளலாம். ஆயினும் கொதித்த நீரில் ஒட்சிசன் குறைந்திருக்குமாதலால், அதனை உயரத்திலிருந்து பலமுறை ஊற்றி ஆற்றிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும்.

முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டுவோர் இன்னொன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் கடுங்காரமாக்கும். பலமுறை நீர் நிரப்பிச் சில நாள் ஊறவிட்டு வெளியேற்றிய பின்னரே மீனை விடலாம். வாழைத்தண்டைத் துண்டாக்கி அந்நீரில் ஊறவிடும் வழக்கமும் உண்டு. ஊறி அழுகியதை முற்றாக அகற்றித் தொட்டியைக் கழுவிவிடல் வேண்டும்.

இத்துணையும் செய்து நீரை ஆயத்தமாக்கினாலும் வேலை பாதியே முடிந்தது. மீனை விட்ட கணமே அந்நீர் மாசுறத் தொடங்குகின்றது. இதனை மனிதர் அறிந்துகொண்ட வரலாறு ஒரு தந்தையின் தொட்டியிலிருந்து மகனின் ஆய்வுவரை செல்லும் சுவையான வரலாறாகும்.

1850ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயனக் கழகத்தின் முன்னிலையில் உறோபேட்டு வாறிங்டன் என்னும் இரசாயன அறிஞர் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். ஒரு தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்ப்பூண்டையும் இட்டு, நீரை மாற்றாமலே அவற்றை வாழவைத்ததை அவர் விவரித்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு ஏற்கின்றது. பூண்டு வெளிவிடும் ஒட்சிசனை மீன் ஏற்கின்றது. அழுகும் இலைகள் நீரைக் கெடுக்கக் கண்டு, அவற்றைத் தின்ன நத்தைகளையும் சேர்த்தார். மூன்று ஆண்டுகளின் பின், 1853இல், இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு மாளிகை திறக்கப்பட்டது. வீடுகளில் மீன்தொட்டி வைக்கும் வழக்கமும் பரவியது.

ஆயினும் வாறிங்டனின் கணக்கில் ஒரு தரப்பார் விடுபட்டிருந்தனர். அவர் கண்ணுக்குத் தெரியாதவர். 1877ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் சுலோசிங், முன்சு என்பார் இருவரும் கழிவுநீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிறைந்த குழாயினூடே மெல்ல ஒழுகவிட்டனர். முதல் இருபது நாள் வரை அதில் இருந்த அமோனியா அமோனியாவாகவே வெளிவந்தது. பின்னர் அது நைத்திரேற்றாக மாறி வெளிவரலாயிற்று. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. உயிரற்ற மணலுக்கு மயக்கமருந்து ஏறாது. ஆகவே அம்மாற்றத்தைச் செய்வன நுண்ணுயிர்களே என்பது புலனாயிற்று. இவ்வாய்வை இங்கிலாந்தின் உறோதாம்சுரட்டு விவசாய ஆய்வு நிலையத்தில் தொடர்ந்தவர், தொட்டி அமைத்த வாறிங்டனின் மகனே ஆவர். தந்தையின் பெயரே அவர்க்கும் பெயர். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் இரண்டு படிகளில் மாறுகின்றது என்பதை அவர் காட்டினார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு 1890ஆம் ஆண்டையடுத்து உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கிக்குக் கிட்டியது. அண்மையில், 2015ஆம் ஆண்டில், இரண்டு படிகளையும் தானொன்றே செய்து முடிக்கும் பற்றீரியா உண்டென்பது வெளியிடப்பட்டது. அதனைக் கண்ட ஆய்வுக் குழுக்களுள் ஒன்றான நெதர்லாந்துக் குழு, அதனை மீன்வளர்ப்பு நிலையமொன்றின் வடிகட்டியிலிருந்தே பெற்றது.

தந்தை அறிய முயன்றதற்கு மகன் கண்ட விடை, இன்று தொட்டி வைப்போர் ஒவ்வொருவருக்கும் உரியது. மீனின் செவுள் வழியாகவும், எஞ்சிய இரை அழுகுவதாலும் அமோனியா உண்டாகின்றது. அதில் ஒரு பகுதி கொடிய நஞ்சு வடிவில் இருக்கும். வெப்பநிலை 25 பாகை செல்சியசாகவும் பீ.எச். 7 ஆகவும் இருந்தால் அப்பகுதி நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு, பீ.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்துக்கு மேல். ஆதலின் காரச் சார்புடைய வடபகுதிக் கிணற்று நீரில் அமோனியாவின் தீமை பன்மடங்கு பெரிது. நைத்திரைற்றும் நஞ்சே, அது குருதியின் செந்நிறப் பொருளைக் கபிலநிறமாக்கி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். மூன்றாவதான நைத்திரேற்று ஒப்பளவில் தீமை குறைந்தது.

இனி, செய்யும் முறையைச் சுருங்கக் கூறலாம். அறுபது சதமமீற்றர் நீளமும் முப்பது அகலமும் முப்பது உயரமும் உள்ள தொட்டி 54 இலீற்றர் கொள்ளும். மணலும் மேலிடைவெளியும் போக ஏறக்குறைய 45 இலீற்றர் நீர் நிற்கும். அதனைச் சவர்க்காரம் இன்றிக் கழுவி, நன்கு அலசிய ஆற்றுமணல் இட்டு, ஒரு நாள் திறந்து வைத்த நீரை நிரப்பி, நீர்ப்பூண்டுகளை நட்டு, பஞ்சு வடிகட்டியைப் பொருத்தி ஓடவிடல் வேண்டும். பின்னர் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனிரையை மீனில்லாத அத்தொட்டியில் இடல் வேண்டும். அஃது அழுகி அமோனியாவைத் தர, பற்றீரியாக்கள் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகும். நலமான பழைய தொட்டியொன்றின் பஞ்சைச் சிறிது கொண்டுவந்து சேர்த்தால் அவை விரைந்து பெருகும். இலங்கையின் வெப்பத்தில் இதற்கு மூன்று முதல் ஆறு வாரம் செல்லும். கடைகளிற் கிடைக்கும் சோதனைத்தாளோ திரவமோ கொண்டு பார்க்கையில் அமோனியாவும் நைத்திரைற்றும் தோன்றி மறைந்து, நைத்திரேற்று மாத்திரம் எஞ்சுமாயின் நீர் ஆயத்தமாயிற்று என்க.

அப்பொழுதும் மீனை ஒருங்கே விடாது இரண்டு மூன்றாகவே விடல் வேண்டும். மீன் உள்ள பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரின்மேல் மிதக்கவிட்டு வெப்பநிலையை ஒப்பாக்கி, பின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுட் சேர்த்து, முடிவில் மீனை மாத்திரம் வலையால் எடுத்து விடுதல் நன்று.

வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை, அதாவது மேற்சொன்ன தொட்டியில் ஒரு வாளி நீரை, எடுத்துவிட்டு, ஒரு நாள் வைத்திருந்த புதுநீரை ஊற்றல் வேண்டும். ஆவியாகிக் குறைந்ததை நிரப்புதல் நீர் மாற்றுதல் ஆகாது; ஆவியாவது நீர் ஒன்றே, உப்பும் நைத்திரேற்றும் தொட்டியிலேயே தங்கிச் செறியும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயின்கீழ்ப் பிடித்துக் கழுவுதல் பலர் செய்யும் பெரும்பிழை. குழாய்நீரின் குளோரீன் அங்குள்ள பற்றீரியாக்களைக் கொன்றுவிடும். பல வாரத்து உழைப்பு ஒரு நொடியில் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அதனைப் பிழிந்து அலசல் வேண்டும். அந்நீரை முற்றத்துச் செடிக்கு ஊற்றலாம். மீனுக்கு மிகையானது செடிக்கு உணவு.

ஈற்றில் ஒன்று. சோதனைத்தாளை வாங்கும் வீட்டார், தொட்டியில் நனைக்குமுன் அதனைத் தம் கிணற்று நீரிலும் நனைத்துப் பார்த்தல் வேண்டும். மீனே இல்லாத கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருக்குமாயின், அது வயலிலும் தோட்டத்திலும் இட்ட உரத்திலிருந்தோ, அண்மையிலுள்ள மலக்குழியிலிருந்தோ சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே வந்ததாகும். குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிக்கிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். யாழ்ப்பாணத்தின் பல கிணறுகளில் இவ்வெல்லை கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஒருவர், இத்தகைய கிணற்று நீரிற் கரைத்த பாலை உண்ட பச்சிளங் குழந்தைகள் நீலம்பாரித்ததை எடுத்துக்காட்டினார். நைத்திரைற்று மீனின் குருதியிற் செய்வதும் குழந்தையின் குருதியிற் செய்வதும் ஒன்றே. கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அது சற்றே செறியும்.

ஆகையால் தாளின் நிறம் மிகையைக் காட்டுமாயின், அவ்வீட்டிற் பால் குடிக்கும் குழந்தை இருப்பின், அந்நீரைக் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்தி, நீரை முறையாகச் சோதிப்பிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடுதல் வேண்டும். மீனுக்கென ஆயத்தஞ் செய்த நீர், வீட்டார் குடிக்கும் நீரையும் ஒருமுறை ஐயத்தோடு நோக்கச் செய்யுமாயின், அத்தொட்டி வீட்டுக்கு அலங்காரமாய் இருப்பதோடு காவலாயும் நிற்கும்.